ஒளி செலுத்தும் ஓடம்

நுழையும்முன்

நீரின்மேல் செல்ல மனிதன் முதலில் தன் தோள்வலியை நம்பினான். பின்னர்க் காற்றை நம்பினான். அதன்பின் எண்ணெயை நம்பினான். எண்ணெயின் விலையும் அதனால் விளையும் மாசும் அவனை இன்று மீண்டும் சிந்திக்க வைத்துள்ளன. சிறுபடகுகளைச் செலுத்த வேறு ஆற்றல்கள் உண்டா? உண்டெனில், எந்த நீர்நிலைக்கு எது பொருந்தும்? மலைமேல் உள்ள ஓர் ஏரியிலிருந்து கடல்வரை சென்று இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

மலைமேல் ஒரு படகுத்துறை

வள்ளல் ஓரி ஆண்ட கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. சமவெளியிலிருந்து எழுபது கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து அம்மலைமேல் ஏற வேண்டும். மலைமேல் உள்ள ஊர்கள் பண்டைய வழக்கப்படி இன்றும் ‘நாடு’ என்னும் பிரிவுகளாலேயே அழைக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று வாழவந்தி நாடு. மலையின் முதன்மை ஊராகிய செம்மேடு இந்நாட்டைச் சேர்ந்தது. செம்மேட்டிற்கு அருகில் வாசலூர்பட்டியில் ஒரு படகு இல்லம் உள்ளது.

மலையைக் காண வருவோர் அங்குக் கால்மிதிப் படகில் ஏறி ஏரியைச் சுற்றிவருவர். இருவர் அருகருகே அமர்ந்து மிதிக்க, படகு மெல்ல நகரும். இயந்திரத்தின் ஓசை இல்லை, புகை இல்லை, நீரின்மேல் எண்ணெய்ப் படலம் இல்லை. இக்காட்சியை விளையாட்டாகக் கருதிக் கடந்துவிடலாம். ஆனால், படகுகளின் ஆற்றல் பற்றி அறிய விரும்புவோர்க்கு இதுவே முதற்பாடம். 

உடல்நலம் வாய்ந்த ஒருவர் களைப்பின்றித் தொடர்ந்து மிதிக்கும்போது ஏறத்தாழ 75 முதல் 100 வாட் வரையிலான திறனைத் தருகிறார். இருவர் சேர்ந்தால் 150 முதல் 200 வாட். வீட்டில் சுழலும் இரண்டு அல்லது மூன்று பழைய மின்விசிறிகளுக்கு வேண்டிய அளவுதான் இது. இவ்வளவு சிறிய திறனைக் கொண்டே இருவரைச் சுமந்த படகு நீரில் செல்கிறது. இந்த 200 வாட் என்னும் எண்ணை நினைவில் கொள்வோம். இப்பாடம் நெடுக அதுவே நமக்கு அளவுகோல்.

காற்றை ஏவல்கொண்டோர்

மாற்று ஆற்றல் என்பது புதிய சொல்லாக இருக்கலாம். அதன் பொருள் தமிழர்க்குப் புதிதன்று. புணை, ஓடம், தோணி, அம்பி, பஃறி, வங்கம், நாவாய் என நீரில் செல்லும் ஊர்திகளுக்குத் தமிழில் பல பெயர்கள் உள்ளன. கடலில் காற்றைத் தன் தொழிலுக்குப் பயன்படுத்திக் கலம் செலுத்தியவரின் வழித்தோன்றல் எனக் கரிகால் வளவனை வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றின் 66ஆம் பாடலில் போற்றுகிறார். காற்று இயற்கை தரும் கொடை மட்டுமன்று. அறிவால் ஆளத்தக்க ஆற்றல் என்னும் தெளிவு அக்காலத்திலேயே இருந்தது.

அத்தெளிவு நூல்களோடு நின்றுவிடவில்லை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அறிந்த நெய்தல்நில மக்கள், எக்காற்றில் கடலுக்குள் செல்வது, எக்காற்றில் கரை திரும்புவது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவந்தனர். மரங்களைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தில் பாய் விரித்து, எரிபொருள் இன்றியே மீன்பிடித்து மீண்டனர். ஆனால், காற்று ஓய்ந்தால் துடுப்பு வலிக்க வேண்டும். எதிர்க்காற்று வீசினால் கரைசேரக் காலம் தாழும். பிடித்த மீன் கெடும். இவ்விடர்களே எண்ணெய் இயந்திரத்திற்கு வழிவகுத்தன.

எண்ணெய் தந்ததும் பெற்றதும்

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்களிலும் வள்ளங்களிலும் இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் மரத்தாலான கலங்களின் இடத்தை நாரிழைப் படகுகள் பெருமளவில் பிடித்தன. இயந்திரம் மீனவரின் உடலுழைப்பைக் குறைத்தது. தொலைவான மீன்வளப் பகுதிகளுக்குக் கொண்டுசென்றது. புயலுக்கு முன் கரைதிரும்ப உதவியது. இந்நன்மைகளை மறுத்தல் இயலாது.

ஆயினும், அதற்குரிய விலையும் உண்டு. கடலுக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் மீனவர் முதலில் எரிபொருளுக்குச் செலவிடுகிறார். மீன் கிடைக்குமா என்பது பின்னரே தெரியும். வலை வெறுமையாகத் திரும்பும் நாளில் அச்செலவு கடனாகிறது. மீனவர்க்கு வரிவிலக்கு அளிக்கப்பட்ட டீசலை அரசு வழங்குவது இச்சுமையைக் குறைப்பதற்காகவே. 

நீர்நிலைக்கும் இழப்பு நேர்கிறது. எண்ணெயும் எரிபொருளும் கலந்து எரியும் பழைய ஈரடிப்பு இயந்திரங்களில் எரிபொருளின் ஒரு பகுதி எரியாமலே நீரில் கலக்கிறது. பரந்த கடலில் அது கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். தேங்கி நிற்கும் மலை ஏரியிலோ அலையாத்திக் காட்டின் குறுகிய கால்வாயிலோ அது படலமாகப் படர்ந்து நிற்கும். மீன்குஞ்சுகளும் நீர்த்தாவரங்களும் அதன் கீழேயே வாழ வேண்டியுள்ளது.

ஒரு சதுர மீட்டர் வெயில்

இனி, நம் அளவுகோலுக்குத் திரும்புவோம். தெளிந்த வானில் நண்பகல் வேளையில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது விழும் கதிரவன் ஒளியின் திறன் ஏறத்தாழ 1000 வாட். இன்றைய சூரியஒளித் தகடுகள் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்னாற்றலாக மாற்றுகின்றன. அதாவது, ஒரு சதுர மீட்டர் தகடு நண்பகலில் 200 வாட் தருகிறது. வாசலூர்பட்டி ஏரியில் இருவர் மிதித்துப் பெறும் திறனும் ஏறத்தாழ இதுவே. எனவே, ஒரு மேசையளவு தகடு இருவரின் கால்களுக்கு ஈடாகும்.

தகடு எந்நேரமும் இதே அளவில் மின்சாரம் தருவதில்லை. காலை, மாலை வேளைகளில் குறையும். முகில் மறைத்தால் மேலும் குறையும். ஒரு நாள் முழுவதும் கிடைக்கும் ஒளியைக் கூட்டிப் பார்த்தால், தமிழகத்தில் அது நான்கு முதல் ஐந்து மணிநேர முழு வெயிலுக்குச் சமமாகும். ஆகவே, ஒரு சதுர மீட்டர் தகட்டிலிருந்து நாளொன்றுக்கு 0.8 முதல் 1 அலகு வரை மின்சாரம் கிடைக்கும். ஓர் அலகு என்பது ஒரு கிலோவாட் திறனை ஒரு மணிநேரம் பயன்படுத்துவதாகும்.

இதனை எண்ணெயோடு ஒப்பிடுவோம். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 அலகு ஆற்றல் அடங்கியுள்ளது. அதில் பெரும்பகுதி வெப்பமாகவும் புகையாகவும் வீணாகிறது. படகை உந்தும் சுழல்தண்டைச் சேர்வது மூன்று அலகு அளவே. மின்னோடியோ, தான் பெறும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கை இயக்கமாக மாற்றவல்லது. ஆகவே, ஒரு லிட்டர் டீசல் செய்யும் வேலையைச் செய்ய ஏறத்தாழ 3.3 அலகு மின்சாரம் போதும். ஆனால், அவ்வளவு மின்சாரத்தைச் சேமிக்கும் லித்தியம் மின்கலம் 25 முதல் 30 கிலோ வரை எடையுள்ளது. ஒரு லிட்டர் டீசலின் எடையோ ஒரு கிலோவிற்கும் குறைவு. மின்படகின் வலிமையும் வரம்பும் இவ்வொப்பீட்டில் புலனாகின்றன.

> தெரிந்து தெளிவோம்
>
> மின்படகு நேற்றுத் தோன்றியதன்று. 1838ஆம் ஆண்டு மோரிட்ஸ் யாக்கோபி என்னும் அறிவியலாளர், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நேவா ஆற்றில் மின்கலத்தால் இயங்கும் படகைச் செலுத்திக் காட்டினார். 1881ஆம் ஆண்டு குஸ்தாவ் துருவே என்பவர் பாரிசின் சேன் ஆற்றில், கழற்றி மாட்டத்தக்க மின்னோடியைக் கொண்டு படகைச் செலுத்தினார்.

வேகத்தின் விலை

படகு தன் வேகத்திற்கேற்ப நீரின் எதிர்ப்பைச் சந்திக்கிறது. அவ்வெதிர்ப்பு வேகத்தோடு ஒரே சீராக உயர்வதில்லை. வேகம் இருமடங்கானால், தேவைப்படும் திறன் ஏறத்தாழ எண்மடங்காகும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் செல்ல ஒரு படகிற்கு 200 வாட் தேவை எனக் கொள்வோம். அதே படகு மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் செல்ல 1600 வாட் தேவைப்படும். முன்னதற்கு ஒரு சதுர மீட்டர் தகடு போதும். பின்னதற்கு எட்டுச் சதுர மீட்டர் வேண்டும்.

நான்கு கி.மீ. தொலைவை முதல் வேகத்தில் கடக்க ஒரு மணிநேரம் ஆகும். செலவாகும் ஆற்றல் 0.2 அலகு. இரண்டாம் வேகத்தில் அரைமணி நேரமே ஆகும், ஆனால், 0.8 அலகு செலவாகும். அரைமணி நேரத்தைச் சேமிக்க நான்கு மடங்கு ஆற்றலைத் தருகிறோம். எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் இக்கணக்கை எவரும் பொருட்படுத்தவில்லை. கதிரவனை நம்பிப் படகு கட்டுவோர் இதனைப் புறக்கணிக்க இயலாது. ‘எவ்வளவு ஆற்றல் கிடைக்கும்?’ என்பதற்கு முன் ‘எவ்வளவு வேகம் தேவை?’ என்று கேட்டாக வேண்டும்.

வேம்பநாட்டு ஆதித்யா

அவ்வினாவைக் கேட்டு வெற்றிகண்ட படகு ஒன்று நம் அண்டை மாநிலத்தில் உள்ளது. பெரியார் பங்கேற்ற போராட்டத்தால் தமிழர் நன்கறிந்த ஊர் வைக்கம். அது வேம்பநாட்டுக் காயலின் கரையில் அமைந்துள்ளது. அங்கிருந்து எதிர்க்கரையில் உள்ள தவணக்கடவுக்கு ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவு. நாள்தோறும் மக்கள் பயன்படுத்தும் இந்நீர்வழியில், கேரள மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை 2017ஆம் ஆண்டு சனவரியில் ‘ஆதித்யா’ என்னும் படகை இயக்கத் தொடங்கியது. இந்தியாவில் சூரியஒளியால் இயங்கும் முதல் பயணியர் படகு இதுவாகும். கொச்சியைச் சேர்ந்த நவால்ட் நிறுவனம் இதனை வடிவமைத்தது.

இப்படகு 20 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உடையது. 75 பயணியரை ஏற்றிச் செல்வது. அதன் கூரையில் 20 கிலோவாட் திறனுள்ள தகடுகள் பரப்பப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் 20 கிலோவாட் திறனுள்ள இரண்டு மின்னோடிகள் படகை உந்துகின்றன. 50 அலகு மின்சாரத்தைச் சேமிக்கும் லித்தியம் மின்கலன்களும் உள்ளன. வெயில் குறைந்தபோது மின்கலன்கள் கைகொடுக்கின்றன. தேவைப்படின் கரையில் உள்ள மின்னிணைப்பின் வழியாகவும் அவற்றிற்கு மின்னேற்றலாம்.

ஆதித்யாவின் வெற்றிக்குத் தகடுகள் மட்டுமே காரணம் அல்ல. மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்துள்ளன. முதலாவது, அதன் உடல். கனமான மரத்தால் அன்றி, எடை குறைந்த நாரிழையால் அது கட்டப்பட்டது. ஒடுங்கிய இரண்டு உடல்களின்மேல் ஒரு தளம் அமைந்திருப்பதால் நீரின் எதிர்ப்புக் குறைகிறது. இரண்டாவது, அதன் வழி. தொலைவு குறுகியது, அலை சிறியது, ஒவ்வொரு நாளும் எத்தனை முறை செல்ல வேண்டும் என்பது முன்னரே தெரியும். மூன்றாவது, அதன் வேகம். கால்மணி நேர அளவில் அக்கரை சேர்ந்தால் போதும். விரைந்து சென்று ஆவது ஒன்றுமில்லை. படகும் வழியும் வேகமும் கதிரவனுக்கு ஏற்ப அமைந்தமையால் கதிரவனும் படகிற்குப் போதுமானவன் ஆனான். சிறந்த மின்படகுகளுக்கு, துருவேயின் பெயரால் வழங்கப்படும் பன்னாட்டு விருதை ஆதித்யா 2020ஆம் ஆண்டு பெற்றது.

> தெரிந்து தெளிவோம்
>
> இரட்டை உடல்கொண்ட படகை உலகம் முழுவதும் ‘கேட்டமரான்’ என்பர். இது ‘கட்டுமரம்’ என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து பிறந்தது. ‘பிளானட் சோலார்’ என்னும் அத்தகைய படகு, 537 சதுர மீட்டர் தகடுகளைத் தாங்கி, 2010 செப்டம்பரில் மொனாக்கோவிலிருந்து புறப்பட்டு, சூரியஒளியை மட்டுமே கொண்டு உலகைச் சுற்றி 2012 மே மாதம் அங்கேயே திரும்பியது.

கடலுக்கு எது ஏற்றது?

காயலில் வென்ற வழி கடலிலும் வெல்லுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். எட்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் கொண்ட நாரிழைப் படகு ஒன்றைக் கருதுவோம். அதன் பரப்பு முழுவதையும் தகடுகளால் மூடினாலும் 16 சதுர மீட்டரே. நண்பகலில் கிடைப்பது 3.2 கிலோவாட். அப்படகில் பொருத்தும் பத்துக் குதிரைத்திறன் இயந்திரமோ ஏறத்தாழ 7.5 கிலோவாட் திறன் உடையது. மேலும், படகு முழுவதையும் தகடு மூடிவிட்டால் வலை வீசுவதற்கு இடமேது? மீனவர் புறப்படுவதோ விடியலுக்கு முன். அப்போது வெயிலும் இல்லை.

மின்கலத்தை மட்டும் நம்பலாமா? அவ்வியந்திரத்தை நான்கு மணிநேரம் முழுத்திறனில் இயக்க 30 அலகுக்குமேல் மின்சாரம் தேவை. அதற்கான மின்கலன்களின் எடை கால் டன்னை எட்டும். மீனுக்குரிய இடத்தை மின்கலம் எடுத்துக்கொள்ளும். உப்புநீரும் ஈரமும் இணைப்புகளை அரிக்கும். நடுக்கடலில் மின்சாரம் தீர்ந்தால் கரைசேர வழியின்றிப் போகும். ‘டீசலை விட்டு உடனே மின்படகிற்கு மாறுங்கள்’ என்று கடலோடியிடம் கூறுவது அவர் உயிரையும் தொழிலையும் அறியாத பேச்சாகும்.

ஆனால், இதனால் மாற்று ஆற்றலுக்குக் கடலில் இடமில்லை என்பது பொருளன்று. விளக்கு, இருப்பிடம் காட்டும் கருவி, செய்தித்தொடர்புக் கருவி ஆகியவற்றைச் சிறு தகடு ஒன்றே இயக்கும். ஏற்ற காற்று வீசும்போது பாய் விரித்தால் எரிபொருள் மிச்சமாகும். முன்னோர் அறிந்த கச்சானும் கொண்டலும் இன்றும் வீசத்தான் செய்கின்றன. இயந்திரத்தோடு பாயையும் மின்னோடியையும் இணைக்கும் கலப்புமுறை, கரையோர மீன்பிடிப்பிற்குப் பொருந்தும் இடைவழியாகும். பழவேற்காடு ஏரி, பிச்சாவரத்தின் கால்வாய்கள் போன்ற அமைதியான நீர்ப்பரப்புகள் மின்படகிற்கு இயல்பாகவே ஏற்றவை.

பிற வழிகள்

ஆற்றல்மூலங்கள் இன்னும் உள்ளன. காசியில் கங்கையாற்றில் செல்லும் டீசல் படகுகள் பல, அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவால் இயங்குமாறு மாற்றப்பட்டுள்ளன. அவற்றிற்கு எரிவாயு நிரப்ப ஆற்றிலேயே மிதக்கும் நிலையம் அமைக்கப்பட்டுள்ளது. இவ்வாயு டீசலைவிடக் குறைவாகப் புகை தரும். எனினும், இதுவும் புதைபடிவ எரிபொருளே. எனவே, இதனை இடைக்கால ஏற்பாடாகவே கொள்ள வேண்டும்.

கொச்சி நீர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. மின்கலத்தால் இயங்கும் அதன் படகுகள் தீவுகளை நகரத்தோடு இணைக்கின்றன. துறையில் நிற்கும் சிறிதுநேரத்திலேயே அவற்றிற்கு மின்னேற்றப்படுகிறது. ஹைட்ரஜன் மின்கலத்தால் இயங்கும் இந்தியாவின் முதல் உள்நாட்டு நீர்வழிப் படகைக் கொச்சிக் கப்பல் கட்டும் தளம் உருவாக்கியது. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் நடைபெற்ற விழாவில் அப்படகு நாட்டிற்கு அறிமுகம் செய்யப்பட்டது. ஹைட்ரஜனும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் தருகையில் நீர் மட்டுமே கழிவாக வெளியேறும்.

இங்கு ஓர் உண்மையை மறத்தலாகாது. ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கவும் மின்கலத்தில் மின்னேற்றவும் ஆற்றல் தேவை. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், ஏரியில் எழாத புகை அனல்மின் நிலையத்தில் எழும். பயன்முடிந்த மின்கலத்தைக் கரையில் வீசினால், எண்ணெய்ப் படலம் போய் வேறொரு நஞ்சு வந்து சேரும். எனவே, படகை மட்டும் பார்த்து ‘மாசற்றது’ என முடிவு செய்யலாகாது. அதன் ஆற்றல் பிறக்கும் இடத்தையும் அதன் கழிவு சேரும் இடத்தையும் சேர்த்தே காண வேண்டும்.

அளவறிந்து தேர்தல்

இதுவரை கண்டவற்றால், எல்லாப் படகிற்கும் ஏற்ற ஒரே ஆற்றல் என ஒன்றில்லை என்பது தெளிவாகிறது. நீர்நிலையின் இயல்பு, செல்லும் தொலைவு, சுமக்கும் எடை, வேண்டும் வேகம் ஆகிய நான்கையும் அறிந்தபின்னரே ஆற்றலைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். குறுகிய வழியில் மிதமாகச் செல்லும் படகிற்குக் கதிரவன் போதும். தீவிற்கும் நகரத்திற்கும் இடையே ஓடுவதற்கு மின்கலம் போதும். ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவர்க்கு இன்று எண்ணெய் தேவைப்படுகிறது. அத்தேவையைப் படிப்படியாகக் குறைப்பதே அறிவுடைமை.

வாழவந்தி நாட்டு ஏரிக்கு எது வேண்டும்? அங்கு எவரும் விரைந்து அக்கரை சேர வேண்டியதில்லை; நீரையும் மலையையும் கண்டு மகிழவே வருகின்றனர். அதற்கு இருவரின் கால்களே போதும். மிதிக்க இயலாத முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் ஏற்றிச்செல்ல ஒரு படகு வேண்டுமெனில், அதன் கூரையில் சில சதுர மீட்டர் தகடும் அடியில் ஒரு சிறு மின்கலமும் போதுமானவை. எண்ணெய் இயந்திரத்தை மலைமேல் ஏற்ற வேண்டிய தேவையே அங்கு இல்லை.

அறிவியல் புதிய ஆற்றல்களைத் தருகிறது. எங்கே, எவ்வளவு, எதற்காக என்று அளந்து அவற்றைப் பயன்படுத்துவது நம் பொறுப்பாகும். அன்று காற்றின் இயல்பறிந்து கலம் செலுத்தினர் நம் முன்னோர். இன்று ஒளியின் அளவறிந்து ஓடம் செலுத்துவோம்; நாளைய தலைமுறைக்குத் தெளிந்த நீரை விட்டுச்செல்வோம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள நீர்நிலையில் இயங்கும் படகுகளைப் பார்வையிட்டு, அவை பயன்படுத்தும் ஆற்றல், செல்லும் தொலைவு, ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பட்டியலிடுக.
2. உங்கள் பள்ளிக் கூரையின் பரப்பை அளந்து, அதன்மீது தகடுகள் பொருத்தினால் நாளொன்றுக்கு எத்தனை அலகு மின்சாரம் கிடைக்கும் எனக் கணக்கிடுக.
3. ‘மீனவர்க்கு இன்று தேவை மின்படகா, மலிவான எரிபொருளா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

ஒரு படகின் வேகம் இருமடங்கானால் அதற்குத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ ______ ஆகும்.
அ) இருமடங்கு ஆ) நான்மடங்கு இ) அறுமடங்கு ஈ) எண்மடங்கு

குறுவினா

1. ஒரு சதுர மீட்டர் சூரியஒளித் தகட்டையும் கால்மிதிப் படகையும் பாடம் எவ்வாறு ஒப்பிடுகிறது?
2. எரிவாயுப் படகை இடைக்கால ஏற்பாடு எனக் கூறுவது ஏன்?

சிறுவினா

1. ஆதித்யா படகின் வெற்றிக்குரிய மூன்று காரணங்களை விளக்குக.
2. ‘படகை மட்டும் பார்த்து மாசற்றது என முடிவு செய்யலாகாது’ – இக்கூற்றை நிறுவுக.

நெடுவினா

ஏரி, காயல், கடல் ஆகிய மூன்றிற்கும் ஏற்ற படகு ஆற்றல்களைக் காரணங்களுடன் தொகுத்து எழுதுக.